265, 430, 720: ஒரே பீஸுக்கு மூன்று கொட்டேஷன், எதை எடுப்பது?

கேள்வி இதுதான். அலுமினியத்தில் ஒரு பேரிங் ஹவுசிங், 60க்கு 60, கனம் 25 மிமீ. நடுவில் 6202 பேரிங் உட்கார 35 மிமீ போர் (துல்லியமாகக் குடைந்த துளை), 11 மிமீ ஆழம். அதற்குப் பின்னால் ஷாஃப்ட் போக 20 மிமீ துளை. நான்கு மூலையிலும் எம்6 போல்ட்டுக்கு ஓட்டை. மேலே மேட் (பளபளப்பில்லாத) கருப்பு அனோடைசிங், அதாவது அலுமினியத்தின் மேல்பரப்பில் ஆக்ஸைடுப் படலம். 200 பீஸ். கோவை கணபதியில் ஒரு பட்டறை 265 ரூபாய் சொல்கிறது, ஓசூரில் ஒரு கம்பெனி 430, ஆன்லைனில் ஃபைலை ஏற்றினால் விலை சொல்லும் தளம் ஒன்று 720. "மூன்று பேருக்கும் ஒரே ஸ்டெப் ஃபைலைத்தான் அனுப்பினேன், ஏன் இவ்வளவு வித்தியாசம், 265ஐ எடுத்தால் 33,000 ரூபாய் மிச்சமாகிறதே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே ஃபைலை அனுப்பினீர்கள், சரி. ஆனால் அந்த 3டி ஃபைலில் வடிவத்தைத் தவிர ஒன்றுமே இல்லையே. 35 என்று வரைந்தால் அது 35தான். 35.02 ஆனால் பரவாயில்லையா, 34.99 ஆனால் தூக்கிப் போட வேண்டுமா, என்ன கிரேடு அலுமினியம், அனோடைசிங் போருக்கு உள்ளேயும் வேண்டுமா, ரிப்போர்ட் வேண்டுமா, இது எதுவும் ஸ்டெப் ஃபைலில் கிடையாது. சொல்லாததை எல்லாம் அவரவர் மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு விலை போட்டிருக்கிறார்கள். மெனு சொல்லாமல் இலைக்கு எவ்வளவு என்று மூன்று சமையல்காரரிடம் கேட்ட கதைதான். இப்போது உங்கள் கையில் இருப்பது மூன்று வேறு வேறு பீஸுக்கான விலை, ஒப்பிடவே முடியாது. முதல் வேலை, ஒரு 2டி ட்ராயிங் போட்டுத் திரும்ப அனுப்புவது. அதில் என்ன இருக்க வேண்டும் என்று கீழே வருகிறேன்.

அதற்கு முன்னால் நீங்களே ஒரு விலையைக் கூட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. இது கையில் இல்லாவிட்டால் எந்தக் கொட்டேஷனைப் பார்த்தாலும் குறைவு, அதிகம் என்பதெல்லாம் வெறும் ஊகம்தான்.

மெட்டீரியலில் ஆரம்பிக்கலாம். ஃபினிஷ் 60க்கு 60க்கு 25 வர, கச்சா 65க்கு 65க்கு 30 வெட்டுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். 6.5 × 6.5 × 3 = 126.75 கன சென்டிமீட்டர். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, ஆக 342 கிராம். கிலோ 380 ரூபாய் என்று போட்டால் 130 ரூபாய் (நீங்கள் கணக்குப் போடும் நாளில் உங்கள் ஊர் விலையைக் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்). போர், துளை எல்லாம் போக முடிந்த பீஸ் 193 கிராம்தான் இருக்கும். மீதி 149 கிராம் போரிங்காக (வெட்டிய சீவலாக) ட்ரேயில் விழுகிறது, அதை விற்ற காசு பட்டறைக்காரருக்கு. அதைப் பெரிதாகப் பிடித்துப் பேரம் பேச வேண்டாம், ஆனால் அப்படி ஒரு வரவு அவருக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அடுத்து மெஷின் நேரம். இந்த பீஸை விஎம்சியில் (கம்ப்யூட்டர் ப்ரோகிராமில் ஓடும் மில்லிங் மெஷினில்) இரண்டு செட்டிங்கில், அதாவது இரண்டு முறை மாற்றிப் பிடித்து, முடிக்கலாம். இரண்டுக்கும் சேர்த்து வெட்டும் நேரம் 10 நிமிடம், ஏற்றி இறக்க 2 நிமிடம். மணிக்கு 600 ரூபாய் என்றால் 12 நிமிடத்துக்கு 120. செட்டிங் போட ஒவ்வொன்றுக்கும் 2 மணி நேரம், மொத்தம் 4 மணி, 2,400 ரூபாய். 200 பீஸுக்குப் பிரித்தால் பீஸுக்கு 12தான். பிசிறு எடுத்து அளவு பார்க்க 15, போரை அடைத்து அனோடைசிங் செய்ய 40, பேக்கிங்கும் வண்டி வாடகையும் 10. கூட்டினால் 327. ரிஜெக்ஷன், கரண்ட், வாடகை, லாபம் எல்லாவற்றுக்குமாக 20 சதவீதம் சேர்த்தால் 392.

இது துல்லியமான விலை ஒன்றும் இல்லை. மணிக்கு 600 என்பதை 450 ஆக்கினால் குறையும், 800 ஆக்கினால் ஏறும். ஆனாலும் 350க்கும் 450க்கும் நடுவில் எங்கோதான் நியாயமான விலை இருக்கிறது என்று இப்போது தெரிகிறது அல்லவா. இனி உங்கள் மூன்று எண்களைப் பாருங்கள். 430 இந்த வட்டத்துக்குள் இருக்கிறது. 265? என் கணக்கில் அனோடைசிங்கையும் வண்டி வாடகையையும் எடுத்துவிட்டாலே 277 வருகிறது, அதுவும் லாபம் சேர்க்காமல். அப்படியென்றால் 265க்குள் ஏதோ ஒன்று இல்லை. மெட்டீரியல் உங்களுடையது என்று நினைத்திருக்கலாம். மெட்டீரியலைக் கழித்தால் 197, அதில் 20 சதவீதம் சேர்த்தால் 236, கிட்டத்தட்ட அவர் சொன்ன விலைக்குப் பக்கத்தில் வருகிறது. ஜாப் வொர்க் செய்யும் சின்னப் பட்டறைகளில் பாதிப் பேருக்குப் பொருள் கஸ்டமர் கொடுப்பதுதான் வழக்கம், சொல்லாவிட்டால் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அனோடைசிங் தனி என்று நினைத்து, கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு அலுமினியத்தில் கணக்குப் போட்டிருக்கலாம். ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். "அண்ணே, 265ல மெட்டீரியல் சேர்த்தியா, அனோடைசிங் சேர்த்தியா, ஜிஎஸ்டி தனியா" என்று மூன்று கேள்வி. வாட்ஸ்அப்பில் "265 + tax" என்கிற மாதிரி ஒரே வரியில் வரும் பதிலைக் கொட்டேஷன் என்றே எடுத்துக்கொள்ளக் கூடாது, அது பேச்சுக்கு ஆரம்பம்.

அதற்காக அவரைத் தள்ளிவிடவும் வேண்டாம். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இரண்டே இரண்டு விஎம்சி வைத்துக்கொண்டு, ஓனரே செட்டிங் போட்டு, ஓனரே ப்ரோகிராம் எழுதி, மெஷின் கடனும் முடிந்துபோன பட்டறைகள் இருக்கின்றன. அவர்களுடைய மணிக்கணக்கு உண்மையிலேயே குறைவு. முழு ட்ராயிங்கைப் பார்த்த பிறகு அவர் 360, 370 சொன்னால், அதில் போரின் அளவுக்கும் பொறுப்பேற்றால், என் ஓட்டு அவருக்குத்தான்.

சரி, இந்த பீஸில் எல்லாப் பணமும் எல்லாச் சண்டையும் அந்த 35 மிமீ போரில்தான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

6202 பேரிங்கின் வெளிவிட்டம் 35 மிமீ. சாதாரண கிளாஸ் பேரிங்கில் அது 35.000 முதல் 34.989 வரை எங்கேயும் இருக்கலாம். அது உட்காரும் போருக்கு வழக்கமாக எச்7 கொடுப்பார்கள், அதாவது 35.000 முதல் 35.025 வரை. மொத்த இடைவெளியே 25 மைக்ரான் (0.025 மிமீ). இதை எல்லாரும் அடித்துவிடுவார்கள், விஎம்சியில் போரிங் பார் போட்டால் வரும். கேள்வி, வந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும் என்பதுதான். பட்டறையில் எல்லார் சட்டைப் பையிலும் இருக்கும் வெர்னியரின் மிகச் சின்ன அளவே 0.02 மிமீ. 0.025க்குள் இருக்கிறதா என்பதை 0.02 காட்டும் கருவியில் பார்ப்பது, சும்மா மனதைத் தேற்றிக்கொள்ளத்தான். போர் டயல் (துளையின் உள்விட்டம் அளக்கும் கருவி) வேண்டும், இல்லையென்றால் இந்த அளவுக்கென்றே செய்த கோ, நோகோ ப்ளக் கேஜ் (ஒரு முனை போருக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது) வேண்டும். ஆகவே கொட்டேஷன் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: "இந்த போரை எதில் அளப்பீர்கள்?" போர் டயல், ரிங் கேஜில் (அளவு தெரிந்த வளையத்தில்) செட் செய்து பார்ப்போம் என்று சட்டென்று பதில் வந்தால் நல்லது. "அதெல்லாம் கரெக்டா வந்துடும் சார்" என்று வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசியுங்கள். பட்டறைகளைத் தரம் பிரிக்க எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான கேள்வி இல்லை.

200 பீஸ் என்பதால் ப்ளக் கேஜ் ஒன்று செய்துகொள்வதே மேல். ஒரு பீஸுக்கு ஐந்து விநாடி, 200ஐயும் பார்த்துவிடலாம். அதை நீங்களே வாங்கிப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது, அவரும் நீங்களும் ஒரே கேஜில் பார்ப்பீர்கள், "என் டயலில் சரியாத்தான் இருந்துச்சு" என்ற வாதமே வராது. இன்னொன்று, அளவு என்பது 20 டிகிரி வெப்பத்தில் எடுக்க வேண்டியது. மெஷினிலிருந்து இறங்கிய சூட்டோடு அளந்தால் அலுமினியம் ஏமாற்றும். 35 மிமீ போர் 10 டிகிரிக்கு 8 மைக்ரான் விரியும், அதாவது உங்கள் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு.

இப்போது அனோடைசிங். அது பெயிண்ட் மாதிரி மேலே உட்காருவது இல்லை, அலுமினியமே ஆக்ஸைடாக மாறி, ஒரு பகுதி உள்ளே இறங்கி, ஒரு பகுதி வெளியே வளரும். ஹார்டு அனோடைசிங் 40 மைக்ரான் போட்டால் பாதி, அதாவது சுமார் 20 மைக்ரான், வெளியே வளரும். போரில் இரண்டு பக்கமும் சேர்த்து விட்டம் 40 மைக்ரான் குறையும். உங்களுக்கு அனுமதியே 25. பேரிங் உள்ளே போகாது. சாதாரணக் கருப்பு அனோடைசிங்கில் படிவு குறைவு, அதனால் பிரச்சினை இல்லை என்பார்கள். ஆனால் நீங்கள் மேட் கேட்டிருக்கிறீர்கள். மேட் எப்படி வருகிறது? அனோடைசிங்குக்கு முன்னால் காஸ்டிக்கில் கூடுதல் நேரம் ஊறவைத்து மேல்பரப்பை அரித்து எடுப்பதால் வருகிறது. அந்த அரிப்பில் போர் பெரிதாகும், பிறகு படிவில் சின்னதாகும், கடைசியில் எங்கே நிற்கும் என்பது அன்றைக்குத் தொட்டியில் எத்தனை நிமிடம் கிடந்தது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் என் கணக்கில் "போரை அடைத்து" என்று போட்டேன். ரப்பர் ப்ளக் வைத்து அடைத்து அனுப்ப வேண்டும், அல்லது அனோடைசிங் முடிந்த பிறகு போரை ஃபினிஷ் செய்ய வேண்டும். இரண்டாவது வழியில் ஒரு செட்டிங் கூடும், கருப்பில் கீறல் விழும் பயமும் உண்டு. எந்த வழி என்று மூவரில் ஒருவராவது உங்களைக் கேட்டாரா? ஓசூர் கம்பெனி கேட்டிருந்தால், அவர்களுடைய 430ல் அந்தப் புரிதலுக்கும் காசு இருக்கிறது. விலையோடு சேர்த்து இரண்டு கேள்வியும் அனுப்பும் சப்ளையரை நான் எப்போதும் ஒரு படி மேலே வைப்பேன்.

மெட்டீரியல் பற்றி ஒரு வார்த்தை. ட்ராயிங்கில் "அலுமினியம்" என்று மட்டும் போடாதீர்கள். எச்இ30 என்று போடுங்கள், 6082ம் அதுவும் ஒன்றுதான், கோவையில் கேட்டால் எச்இ30 என்றுதான் சொல்வார்கள். டி6 டெம்பர் (சூடேற்றிக் கடினப்படுத்திய நிலை) என்பதும் இருக்கட்டும். ஹீட் நம்பரோடு (உருக்கிய லாட்டின் எண்) மில் டெஸ்ட் சர்ட்டிபிகேட் (டிசி) கேளுங்கள். "டிசி வேணுமா சார், அப்ப பத்து ரூபா கூட ஆகும்" என்றால் கொடுத்துவிடுங்கள், அந்தப் பத்து ரூபாய் எதைக் காட்டுகிறது என்றால், டிசி கேட்காத விலையில் அவர் வேறு பொருள் போட இருந்திருக்கலாம் என்பதை. சிலிக்கான் அதிகமுள்ள காஸ்டிங் அலுமினியத்திலோ, செம்பு கலந்த கிரேடிலோ அனோடைசிங் செய்தால் கருப்பு சீராக வராது, ஒரு பீஸ் சாம்பல், ஒரு பீஸ் திட்டுத்திட்டு. வேறு வேறு லாட் பொருளைக் கலந்தாலும் 200 பீஸில் இரண்டு மூன்று விதக் கருப்பு வரும். கஸ்டமர் கண்ணில் படுகிற பாகம் என்றால் இதைக் கொட்டேஷனிலேயே பேசிவிட வேண்டும்.

ஆக ட்ராயிங்கில் வேண்டியது: பொருள், 35 போருக்கு எச்7, அது அனோடைசிங்குக்குப் பிந்தைய அளவு என்ற குறிப்பு, போரில் அனோடைசிங் கூடாது என்ற குறிப்பு, பேரிங் உட்காரும் தோள் (போரின் அடியில் இருக்கும் படி) அடிமுகத்துக்கு இணையாக எவ்வளவுக்குள் வேண்டும், மீதி எல்லாவற்றுக்கும் ஐஎஸ்ஓ 2768 மீடியம் (தனியாகக் குறிக்காத அளவுகளுக்கான பொது டாலரன்ஸ்). அந்தக் கடைசி வரி காசு மிச்சப்படுத்தும் வரி. அதன்படி 60 மிமீ வெளி அளவுக்கு ±0.3 போதும். பலர் பயத்தில் எல்லா அளவுக்கும் ±0.02 போட்டு அனுப்புவார்கள், சப்ளையரும் பயந்து விலையை ஏற்றுவார், அல்லது இவருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு செய்து எதையுமே பார்க்காமல் அடித்துக் கொடுப்பார். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் உண்மையிலேயே முக்கியமான போரும் அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும்.

புதுக் கொட்டேஷன் கேட்கும்போது 200க்கு மட்டும் கேட்காமல் 50, 200, 500 என்று மூன்று எண்ணிக்கைக்குக் கேளுங்கள். இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 50க்கு 490, 200க்கு 430 என்று சொல்கிறார் என்று வையுங்கள். வித்தியாசம் 60. ஐம்பதில் ஒன்று 0.02, இருநூறில் ஒன்று 0.005, இரண்டுக்கும் வித்தியாசம் 0.015. 60ஐ 0.015ஆல் வகுத்தால் 4,000. அதுதான் எத்தனை பீஸ் ஆனாலும் மாறாத அவருடைய செலவு, செட்டிங், ப்ரோகிராம், ஃபிக்சர் (பீஸைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு) எல்லாம் சேர்த்து. மீதி பீஸுக்கு 410. என் 2,400க்கு லாபம், ப்ரோகிராம் எல்லாம் சேர்த்தால் 4,000 நியாயம்தான். இதுவே 25,000 என்று வந்தால் ஃபிக்சரின் முழு விலையையும் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார், அப்படியானால் அந்த ஃபிக்சர் யாருடையது, அடுத்த ஆர்டரில் அந்தத் தொகை போய்விடுமா என்று கேட்க வேண்டும். 500க்கு இதே கணக்கில் 418 வர வேண்டும். 380 சொன்னால் பொருளை மொத்தமாக வாங்கும் லாபத்தை உங்களுக்கும் தருகிறார், அல்லது 430ல் பேச இடம் இருக்கிறது.

பேரம் பேசும்போது "அங்கே 265க்குத் தர்றாங்களே" என்று ஓசூரிடம் சொல்ல வேண்டாம். 265ஐ அவர்களால் தொட முடியாது, தொட்டால் முதலில் காணாமல் போவது இன்ஸ்பெக்ஷன்தான், அது பீஸைப் பார்த்தால் தெரியாது. "இந்த ட்ராயிங்கில் எதை மாற்றினால் விலை குறையும்" என்று கேளுங்கள். வெளிப்பக்கம் நான்கையும் மில்லிங் செய்ய வேண்டுமா, கடையில் கிடைக்கும் ஃப்ளாட் அளவுக்கே டிசைனை மாற்றினால் இரண்டு பக்கத்தை அப்படியே விட்டுவிடலாமே என்று அவர்களே சொல்வார்கள். அதில் பொருளும் மிச்சம், மெஷின் நேரமும் மிச்சம், 30, 40 ரூபாய் சுலபமாக இறங்கும்.

வரி, போக்குவரத்து பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றையும் ஜிஎஸ்டி இல்லாமல், உங்கள் வாசலுக்கு வந்து சேரும் விலையாக மாற்றி எழுதுங்கள். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் வரி கிரெடிட்டில் வந்துவிடும், இல்லையென்றால் அதையும் செலவாகக் கூட்டுங்கள். பணம் கொடுக்கும் நாளும் விலைதான். ஒருவர் 50 சதவீதம் அட்வான்ஸ் கேட்டு, இன்னொருவர் 30 நாள் கடன் தந்தால் அது சமமான விலை இல்லை. உத்யம் (மத்திய அரசின் எம்எஸ்எம்இ) பதிவுள்ள குறு, சிறு நிறுவனம் என்றால் 2006ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி. 90 நாள் கடன் வாங்கிவிடலாம் என்ற நினைப்பில் கணக்குப் போடாதீர்கள்.

720க்கு வருகிறேன். 200 பீஸுக்கு அது அதிகம், சந்தேகமே இல்லை. ஆனால் என் கணக்கிலேயே 200க்குப் பதில் 10 பீஸ் போட்டுப் பாருங்கள், செட்டிங் 2,400ஐப் பத்தால் வகுத்தால் பீஸுக்கு 240, மொத்தம் 555, 20 சதவீதம் சேர்த்தால் 666. அதாவது சின்ன எண்ணிக்கையில் அந்தத் தளத்தின் விலை ஒன்றும் கொள்ளை இல்லை. பத்து பீஸுக்கு அதே 720ஐத் தருவார்களா என்று ஃபைலை ஏற்றிப் பார்த்துவிடலாம். டிசைன் இன்னும் உறுதியாகாமல், பத்து பீஸ் மட்டும் சீக்கிரம் வேண்டும், பட்டறைக்காரர் பின்னால் அலைய நேரமில்லை என்றால் அங்கே போகலாம். உங்களுக்கு டிசைன் முடிந்துவிட்டது, ஆகவே வேண்டாம்.

ட்ராயிங்கைக் கணபதிக்கும் ஓசூருக்கும் அனுப்புங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 40 ரூபாய்க்குள் வந்தால் போரை எப்படி அளப்பார் என்பதற்குச் சரியான பதில் சொன்னவருக்குக் கொடுங்கள். பிஓவில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) இரண்டு விஷயம் எழுதிவிடுங்கள். முதலில் 5 பீஸ், அனோடைசிங் வரை முடித்து, பேரிங்கைப் போட்டுப் பார்த்து நீங்கள் ஓகே சொன்ன பிறகுதான் மீதி 195. ரிஜெக்ட் ஆனால் பொருள் செலவு யாருடையது என்பது இரண்டாவது. மெட்டீரியல் அவருடையது என்றால் நஷ்டமும் அவருடையது, சுலபம். நீங்கள் பொருள் கொடுத்தால் எத்தனை பீஸ் வரை வீணாகலாம் என்று ஒரு எண் போட்டுவிடுங்கள், 200க்கு 205 பிளாங்க் (மெஷினில் ஏற்றாத கச்சாத் துண்டு) கொடுப்பது போல. பேக்கிங்கில் பீஸுக்குப் பீஸ் நடுவே ஃபோம் ஷீட் வைக்கச் சொல்லுங்கள், கருப்பு அனோடைசிங் பீஸ்களை ஒரே அட்டைப்பெட்டியில் கொட்டி அனுப்பினால் ஓசூரிலிருந்து வந்து சேர்வதற்குள் மூலையெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும்.